அல்காப்டோன்யூரியா: ஒரு மருத்துவ உயிர்வேதியியலாளரின் ஆராய்ச்சி எதை மாற்றியது?

கேட்கப்பட்ட கேள்வி இது: மருத்துவமனை ஆய்வகத்தில் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் முடிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் மருத்துவ உயிர்வேதியியலாளர், மரபுவழி வளர்சிதைமாற்றக் கோளாறுகளில் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்? அந்த ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன்?

இதற்குப் பொதுப்படையாக விடை சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஆகவே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். அல்காப்டோன்யூரியா என்ற அந்த நோயில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள ராயல் லிவர்பூல் பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவ உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் லட்சுமிநாராயண் ரங்கநாத்தும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் பணியே நான் தரும் விடை. இந்த நோயின் வேதியியல் காரணம் நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது; அதைத் தடுக்கக்கூடிய மருந்தும் 1990களிலேயே உலகில் இருந்தது. ஆயினும் நோயாளிகளுக்கென்று அந்த மருந்து ஐரோப்பாவில் அங்கீகரிக்கப்பட்டது 2020ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் தீராமல் நின்ற சிக்கல், எதை அளந்தால் மருந்து பயன் தருகிறது என்று நிறுவலாம் என்பதே. அளவீட்டையே தொழிலாகக் கொண்ட துறை அந்தச் சிக்கலைத் தீர்ப்பதில் முன்னின்றதை நான் இயல்பானதாகவே கருதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் உண்ணும் புரதத்திலுள்ள ஃபீனைல்அலனின், டைரோசின் என்னும் இரண்டு அமினோ அமிலங்கள் உடலில் படிப்படியாகச் சிதைக்கப்படுகின்றன. ஃபீனைல்அலனின் முதலில் டைரோசினாக மாறுகிறது. டைரோசின் ஹைட்ராக்சிஃபீனைல்பைருவிக் அமிலமாகிறது. அது ஹோமோஜென்டிசிக் அமிலமாகிறது. இந்த அமிலத்தின் வளையத்தை ஹோமோஜென்டிசேட் டைஆக்சிஜனேஸ் என்னும் நொதி உடைக்க, இறுதியில் உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும் சிறு மூலக்கூறுகள் கிடைக்கின்றன. தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் பழுதுபட்ட மரபணுவைப் பெற்ற ஒருவருக்கு இந்தக் கடைசி நொதி வேலை செய்யாது. ஆரோக்கியமானவர்களின் சிறுநீரில் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லத்தக்க ஹோமோஜென்டிசிக் அமிலம், இவர்களின் சிறுநீரில் நாள்தோறும் சில கிராம் அளவுக்கு வெளியேறுகிறது. காற்றும் காரத்தன்மையும் சேர்ந்தால் இந்த அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுக்கும். சிறுநீரைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் அது பழுப்பாகிப் பின்னர் கறுப்பதும், குழந்தையின் துணிகளில் கருங்கறை படிவதும் இதனால்தான்.

சிறுநீர் கறுப்பது பார்ப்பவரை அச்சுறுத்துமே தவிர, நேரடியாக யாரையும் துன்புறுத்துவதில்லை. துன்பம் பின்னால் வருகிறது. சிறுநீரகங்கள் இந்த அமிலத்தை மிகத் திறமையாக வெளியேற்றுகின்றன என்றாலும், இரத்தத்தில் எஞ்சும் சிறிதளவு பல்லாண்டுகளாகக் குருத்தெலும்பிலும் நாண்களிலும் இதய வால்வுகளிலும் கருநிறமியாகப் படிகிறது. இந்தப் படிவுக்கு ஒக்ரோனோசிஸ் என்று பெயர். காது மடலில் நீலக்கருமை, விழி வெண்படலத்தில் பழுப்புப் புள்ளி ஆகியவை வெளியில் தெரியும் அடையாளங்கள். முப்பது வயதுவாக்கில் முதுகுவலி தொடங்கும். பிறகு முதுகெலும்பின் வட்டுகள் சிதையும். இடுப்பு, முழங்கால், தோள் மூட்டுகள் ஒவ்வொன்றாகக் கெடும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் 58 நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரை, மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் சராசரி வயதை 55 என்றும், சிறுநீரகக் கல் தோன்றும் சராசரி வயதை 64 என்றும் கணக்கிட்டது. பெருநாடி வால்வு சுருங்குவதும், தசைநாண்கள் திடீரென அறுவதும் உண்டு. உயிரை உடனே பறிக்காத நோய் என்பதால் இதை மருத்துவ உலகம் நெடுங்காலம் பாடநூல் விந்தையாகவே வைத்திருந்தது. அறுபது வயதில் நான்கைந்து மூட்டுகளை மாற்றிக்கொண்டும் வலியோடு வாழ்கிறவருக்கு அது விந்தையாக இருந்திருக்க முடியாது.

பாடநூலில் இந்த நோய்க்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் ஆர்ச்சிபால்ட் கேரட் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவருக்கு முன்பே, 1859இல் ஜெர்மானியரான போடெக்கர் சிறுநீரில் இந்த விநோதப் பொருளைக் கண்டு பெயரிட்டிருந்தார். 1866இல் ஜெர்மானிய நோயியலாளர் விர்ஹோ பிணப் பரிசோதனையில் கறுத்த குருத்தெலும்பை விவரித்திருந்தார். 1891இல் வோல்கோவும் பவுமானும் அந்தப் பொருள் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று நிறுவி, டைரோசினை உண்ணக் கொடுத்தால் அதன் அளவு கூடுவதையும் காட்டியிருந்தார்கள். ஆனால் குடலிலுள்ள நுண்ணுயிரிகளே அந்த அமிலத்தை உண்டாக்குகின்றன, இது ஒருவகைத் தொற்று என்பதே அப்போதைய பெரும்பான்மைக் கருத்து. கேரட் அதை ஏற்கவில்லை. நோயுள்ள பிள்ளைகளைக் கொண்ட ஒரு குடும்பத்தில் 1901இல் இன்னொரு குழந்தை பிறந்தபோது, அதன் துணிகளைத் தொடர்ந்து கவனிக்கச் செய்தார். மூன்று நாட்களுக்குள் துணி கறைபட்டது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைக்குக் குடல் தொற்று என்று சொல்வதைவிட, அது அப்படியே பிறந்தது என்று சொல்வதே பொருத்தம் என்று அவர் முடிவு செய்தார். இத்தகைய குடும்பங்களில் பெற்றோர் நெருங்கிய உறவினராக இருப்பது தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்கு மிகுந்திருந்ததையும் கண்டார். மெண்டலின் விதிகள் அப்போதுதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தன. வில்லியம் பேட்சன் என்னும் உயிரியலாளரோடு கலந்து பேசிய கேரட், 1902 டிசம்பரில் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில் இது ஒடுங்கு பண்பாக, அதாவது பழுதுபட்ட மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பாக, மரபுவழி வருவது என்ற விளக்கத்தை முன்வைத்தார். மனித நோய் ஒன்றுக்கு மெண்டலின் விதி பொருத்தப்பட்ட முதல் சந்தர்ப்பம் அது. 1908இல் லண்டனில் அவர் ஆற்றிய குரோனியன் சொற்பொழிவுகளில் அல்காப்டோன்யூரியா, வெண்மை நோய் எனப்படும் அல்பினிசம், சிஸ்டினூரியா, பென்டோசூரியா ஆகிய நான்கையும் சேர்த்து, பிறவியிலேயே வளர்சிதைமாற்றத்தில் நேரும் பிழைகள் என்னும் ஒரு தனிவகுப்பையே உருவாக்கினார்.

அதற்குப் பின் அரைநூற்றாண்டு கழித்து, 1958இல் லா டூவும் உடன் பணியாற்றியோரும் நோயாளியின் கல்லீரல் திசுவில் அந்த ஒரு நொதி மட்டும் இல்லை என்று நேரடியாகக் காட்டினார்கள். 1996இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு வழிகாட்டியது ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் பூஞ்சை. அந்தப் பூஞ்சையும் ஃபீனைல்அலனினை மனித உடலைப் போலவே சிதைப்பதால், அதில் கண்டறிந்த மரபணுவை வைத்து மனித மரபணுவைத் தேடிப் பிடித்தார்கள். இவ்வளவு தெரிந்த பிறகும் நோயாளிக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. புரதத்தைக் குறைத்து உண்ணச் சொன்னார்கள். அதைப் பெரியவர்களால் நெடுநாள் கடைப்பிடிக்க முடியாது. வைட்டமின் சி கொடுத்தார்கள். அது அமிலத்தின் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்தலாமே தவிர, அமில உற்பத்தியைக் குறைக்காது.

மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1977இல் கலிபோர்னியாவில் களைக்கொல்லி ஆய்வில் ஈடுபட்டிருந்தவர்கள், பாட்டில் பிரஷ் என்று நம் பூங்காக்களிலும் அறியப்படும் காலிஸ்டெமோன் செடியின் அடியில் களைகள் அதிகம் முளைக்காததைக் கவனித்தார்கள். அந்தச் செடி வெளியிடும் லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட சேர்மங்களில் ஒன்றே நிட்டிசினோன். தாவரங்கள் ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான சில பொருள்களைச் செய்ய ஹோமோஜென்டிசிக் அமிலத்தைப் பயன்படுத்துகின்றன. அந்த அமிலத்தை ஆக்கும் நொதியை இச்சேர்மம் முடக்குவதால் களை வெளிறி மடிகிறது. அதே நொதி மனிதக் கல்லீரலிலும் உண்டு. சுவீடனின் கோதன்பர்க் நகரில் ஸ்வென் லிண்ட்ஸ்டெட் என்னும் மருத்துவ வேதியியலாளர், முதல் வகை டைரோசினீமியா என்ற கொடிய குழந்தை நோய்க்கு இதைப் பயன்படுத்தி, 1992இல் லான்செட்டில் முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் மாற்று சிகிச்சையின்றிப் பிழைக்க வழியில்லாத குழந்தைகள் மாத்திரையால் பிழைத்தார்கள். அவரும் ஆய்வகத் துறையிலிருந்து வந்தவர் என்பதைக் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும்.

டைரோசினீமியாவில் அடைபட்டிருப்பது அல்காப்டோன்யூரியாவில் அடைபட்ட படிக்குச் சற்றுக் கீழேயுள்ள படி. ஆகவே மேலேயுள்ள படியை நிட்டிசினோன் அடைத்தால் இரண்டு நோய்களிலும் பயன் இருக்க வேண்டும். கடைமடையில் மதகு பழுதாகி வயலில் நீர் தேங்கும்போது, மேல்மதகை மூடிவிட்டால் வயல் காப்பாற்றப்படும், ஆனால் மேல்கால்வாயில் நீர்மட்டம் ஏறும். இங்கும் அதுவே நடக்கிறது. ஹோமோஜென்டிசிக் அமிலம் குறைகிறது, டைரோசின் ஏறுகிறது. இந்த இரண்டு மட்டங்களையும் அறிவது எப்படி என்ற இடத்தில்தான் ஆய்வகத்தின் வேலை தொடங்குகிறது.

சிறுநீரில் இந்த அமிலத்தை அளப்பது சொல்வதுபோல் எளிதல்ல. அளக்க வேண்டிய பொருளே காற்றுபட்டால் மாறிவிடுகிறது. நோயாளி 24 மணி நேரம் சேகரிக்கும் சிறுநீர், வீட்டிலிருந்து ஆய்வகத்துக்கு வருவதற்குள் கறுத்துவிட்டால், அளவீடு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மருந்தால் குறைந்ததா, போத்தலில் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் லிவர்பூலில் சேகரிப்புப் போத்தலிலேயே கந்தக அமிலத்தை முன்கூட்டி இட்டு, ஒளிபடாமல் வைத்து, பகுதி மாதிரிகளை உறையவைத்துச் சேமிக்கும் முறையை நிலைப்படுத்தினார்கள். அளவீட்டுக்கு, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பயன்படுத்தி, ஹோமோஜென்டிசிக் அமிலம், டைரோசின், நிட்டிசினோன் ஆகியவற்றைத் துல்லியமாகக் கணிக்கும் முறைகளை உருவாக்கிச் சோதித்து வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன் ஒரு நாளைக்குக் கிராம் கணக்கிலும், சிகிச்சைக்குப் பின் மில்லிகிராம் கணக்கிலும் இருக்கும் ஒரே பொருளை, இரு முனையிலும் நம்பத்தக்கதாக அளக்கும் முறை வேண்டியிருந்தது. இத்தகைய வேலைக்கு வெளியில் புகழ் கிடையாது. ஆனால் இது இல்லாமல் பின்னால் வந்த எந்த மருந்துச் சோதனையும் நின்றிருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான ஆய்வகங்களில் பணிபுரிவோர் இதை அறிந்திருப்பது நல்லது. ஹோமோஜென்டிசிக் அமிலம் வலுவான ஆக்சிஜன் ஒடுக்கி, அதாவது தான் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிற பொருள்களை ஒடுக்குவது. பழைய பெனடிக்ட் சோதனையில் அது சர்க்கரை இருப்பதுபோல் காட்டும். அதை நம்பிச் சிலர் நீரிழிவு நோயாளிகளாகக் கருதப்பட்டதுண்டு. இன்றைய தானியங்கி இயந்திரங்களில், பெராக்சிடேஸ் என்னும் நொதி நிறம் உண்டாக்கும் வினையை அடிப்படையாகக் கொண்டு கிரியாட்டினினையும் யூரிக் அமிலத்தையும் அளக்கும் முறைகளில், இந்த அமிலம் நிறம் உண்டாவதைக் குலைத்துச் சிறுநீர் அளவைக் குறைத்துக் காட்டும். சிறுநீரின் செறிவு மாறுவதை ஈடுகட்ட, ஒரு பொருளைக் கிரியாட்டினினுக்கு விகிதமாக்கிச் சொல்வது ஆய்வக வழக்கம். கிரியாட்டினினே பொய்யாகக் குறைந்திருந்தால் விகிதம் முழுவதும் பொய்யாகிவிடும். மருந்துச் சோதனைகளில் விகிதத்தை நம்பாமல் 24 மணி நேர மொத்த அளவையே முதன்மையாகக் கொண்டதற்கு நியாயம் இதில் இருக்கிறது.

இப்போது சிக்கலின் மையத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 40 நோயாளிகளை வைத்து, பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் நிட்டிசினோன் கொடுத்து மூன்றாண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. ஹோமோஜென்டிசிக் அமிலம் சுமார் 95 விழுக்காடு குறைந்தது. ஆனால் மருந்து பயன் தருகிறதா என்று தீர்மானிக்க அவர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்த அளவுகோல், இடுப்பு மூட்டு எவ்வளவு சுழல்கிறது என்பது. அதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அறிவியல் விதிப்படி சோதனை வெற்றி பெறவில்லை; மருந்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. அந்த ஆய்வாளர்களை நான் குறை கூறவில்லை. நோயாளிக்கு நேரடியாகப் புலப்படும் ஒன்றை அளக்க வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணம் நேர்மையானது. ஆனால் நாற்பது ஆண்டுகளில் சிதையும் மூட்டில், மூன்றாண்டுகளில், இருபது இருபது பேரில், ஒரு பக்க இடுப்பின் சுழற்சியை வைத்து மாற்றம் காண்பது ஏறத்தாழ இயலாத காரியம். ஒருவருக்கு முதுகு முதலில் கெடும், இன்னொருவருக்குத் தோள், மற்றொருவருக்கு முழங்கால்.

லிவர்பூல் குழு இதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டது. முதலாவது, நோயின் தீவிரத்தை ஒரு மூட்டை வைத்து மதிப்பிடாமல், கண், காது, முதுகு, மூட்டு, சிறுநீரகக் கல், வால்வு, நாண் என்று உடல் முழுவதையும் சேர்த்து மதிப்பெண் தரும் ஒரு தீவிரக் குறியீட்டை உருவாக்குவது. இரண்டாவது, நோய்க்குக் காரணமான வேதிப்பொருளையே முதன்மை அளவுகோலாக முன்வைத்து, மருந்து ஒழுங்குமுறை அமைப்பை அதற்கு இணங்கவைப்பது. இரண்டாவதை ஐரோப்பிய மருந்து முகமை எளிதில் ஏற்கக் கூடியதல்ல. ஆய்வகத்தில் ஓர் எண் குறைந்ததால் நோயாளி நலமடைந்தார் என்று ஆகிவிடாது என்பது நியாயமான எச்சரிக்கை. ஆகவே எண் குறைவதும், அதனோடு நோயின் வேகம் குறைவதும் ஒரே சோதனையில் காட்டப்பட வேண்டியிருந்தது.

அரிய நோயில் சோதனைக்குப் போதிய நோயாளிகளைத் திரட்டுவதே பெரும்பாடு. பெரும்பாலான நாடுகளில் இரண்டரை லட்சம் பேருக்கு ஒருவர் முதல் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இந்த நோய் காணப்படுகிறது. 2003இல் ஒரு நோயாளியும் ரங்கநாத்தும் சேர்ந்து அல்காப்டோன்யூரியா சங்கத்தைத் தொடங்கினார்கள்; இங்கிலாந்து முழுவதும் சிதறிக்கிடந்த நோயாளிகள் அதன் வழியே கண்டறியப்பட்டார்கள். 2012இல் லிவர்பூலில் தேசிய அல்காப்டோன்யூரியா மையம் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையின் நிதியில் தொடங்கப்பட்டு, நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் முழுப் பரிசோதனையும், நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் நிட்டிசினோனும் வழங்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் நோயாளிகள் அதிகமுள்ள நாடு ஸ்லோவாக்கியா. அங்கே 19,000 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் உண்டு. மலைப்பகுதிக் கிராமங்கள் நெடுங்காலம் தனித்திருந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்நாட்டின் பியெஷ்ட்யானி நகரிலுள்ள வாதநோய் நிறுவனம் கூட்டாளியாயிற்று.

சோனியா 1 என்ற முதல் சோதனை, எவ்வளவு மருந்து போதும் என்று அறிவதற்கானது. 40 பேர் ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவுக்கு மருந்தில்லாமலும், மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 1, 2, 4, 8 மில்லிகிராம் என்ற அளவிலும் நான்கு வாரங்கள் சிகிச்சை தரப்பட்டது. மருந்து எடுக்காதவர்கள் 24 மணி நேரத்தில் சராசரியாக 31.53 மில்லிமோல், அதாவது ஐந்து கிராமுக்கும் மேலாக, அமிலத்தை வெளியேற்றினார்கள். 1 மில்லிகிராம் எடுத்தவர்களில் அது 3.26 ஆகவும், 2இல் 1.44 ஆகவும், 4இல் 0.57 ஆகவும், 8இல் 0.15 ஆகவும் இறங்கியது. கடைசி எண் ஏறக்குறைய 25 மில்லிகிராம். ஓர் உயிர்வேதியியலாளருக்கு இதைவிட அழகான படிவரிசை அமைவது அரிது.

சோனியா 2 பெரிய சோதனை. லிவர்பூல், பியெஷ்ட்யானி, பாரிஸ் ஆகிய மூன்று நகரங்களில் 138 பேர் பங்கேற்றார்கள், பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், மீதிப் பேருக்குச் சிகிச்சை இல்லை, காலம் நான்காண்டு. பன்னிரண்டாம் மாதத்தில் மருந்து எடுத்தவர்களின் சிறுநீர் அமிலம், எடுக்காதவர்களோடு ஒப்பிட 99.7 விழுக்காடு குறைந்திருந்தது. நான்காண்டு முடிவில் உடல் முழுவதையும் மதிப்பிடும் தீவிரக் குறியீடும் மருந்து எடுத்தவர்களுக்குச் சாதகமாக, புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க அளவில் வேறுபட்டது. முடிவு 2020இல் லான்செட்டின் நீரிழிவு மற்றும் நாளமில்லாச் சுரப்பியியல் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் வயதுவந்த அல்காப்டோன்யூரியா நோயாளிகளுக்கு நிட்டிசினோனை அங்கீகரித்தது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025இல் அங்கீகாரம் தந்தபோது, வயதுவந்தோரின் சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தைக் குறைப்பதற்கு என்றே பயன்பாட்டை வரையறுத்தது. முன்பு போதாது என்று கருதப்பட்ட அளவுகோல் மருந்தின் அங்கீகார வாசகத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

மருந்தால் தீங்கில்லையா என்று கேட்டால், உண்டு என்றே சொல்ல வேண்டும். மேல்படி அடைபடுவதால் இரத்த டைரோசின், வழக்கமான அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாக ஏறுகிறது. அது கருவிழியில் படிகங்களாகப் படிந்து வலி, கூச்சம், கண்ணீர் ஆகியவற்றை உண்டாக்கலாம். சோனியா 2இலும் சிலருக்கு அவ்வாறு நேர்ந்தது. மருந்தை நிறுத்தினால் பொதுவாகக் கண் தெளிந்துவிடும். புரதத்தைக் கட்டுப்படுத்தி, தேவைப்பட்டால் டைரோசினும் ஃபீனைல்அலனினும் நீக்கப்பட்ட அமினோ அமிலக் கலவையைச் சேர்த்து, டைரோசினைக் குறைத்து வைக்க வேண்டும். எனவே மருந்து தொடங்கிய பிறகும் ஆய்வகத்தின் பொறுப்பு ஓய்வதில்லை. நோயாளி வாழும்வரை டைரோசினைக் கண்காணித்தாக வேண்டும். 2 மில்லிகிராமா, 10 மில்லிகிராமா என்பதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குறைந்த அளவில் அமிலம் முழுதாக அடங்குவதில்லை. ஆனால் அளவைக் கூட்டும்போது டைரோசின் அதே விகிதத்தில் கூடுவதில்லை என்று லிவர்பூல் குழு வாதிடுகிறது. எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாகவே படுகிறது.

சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. இங்கே லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் திசுவியல் ஆய்வாளர்கள் தந்த சான்று முக்கியமானது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் உருவான, இதே நொதிக் குறைபாடு கொண்ட சுண்டெலிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். நிறமிப் படிவு முதலில் குருத்தெலும்பின் ஆழத்தில், தனித்தனி உயிரணுக்களைச் சுற்றித் தொடங்குகிறது. பிறப்பிலிருந்தே நிட்டிசினோன் பெற்ற எலிகளில் படிவு தோன்றவில்லை. நடுவயதில் தொடங்கப்பட்ட எலிகளில் புதிய படிவு நின்றது, ஆனால் ஏற்கெனவே படிந்தது மூட்டில் அப்படியே இருந்தது. மனிதர்களிடம் லிவர்பூலில் நடந்த மற்றோர் ஆய்வில், காது குருத்தெலும்பின் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, வெளித்தோற்றத்தில் நோயின் சுவடு குறைவாக உள்ள இருபது வயதினரிடமே நிறமி தொடங்கியிருந்தது. முப்பதுகளில் முதுகுவலி வந்த பிறகு மருந்து தொடங்குவது தாமதம் என்பதை இவ்விரண்டும் சேர்ந்து உணர்த்துகின்றன. ஆனால் வளரும் குழந்தையின் மூளைக்கு உயர்ந்த டைரோசின் என்ன செய்யும் என்ற அச்சம் நியாயமானது. இப்போதைய அங்கீகாரமும் பெரியவர்களுக்கு மட்டுமே.

தமிழகத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டின் ஒரு பகுதியில் குடியமர்ந்த நரிக்குறவர் சமூகத்தாரிடையே, நோய் இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களைக் கொண்டு நான்காண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 41 பேரில் 16 பேருக்கு அல்காப்டோன்யூரியா உறுதியானது. ஸ்லோவாக்கியாவின் மரபணு ஆய்வாளர்களும் பங்குகொண்ட அந்த ஆய்வு 2014இல் வெளியானது. பதினொருவரிடம் ஒரே மரபணு மாற்றம் இரு பிரதிகளிலும் காணப்பட்டது. ஐவரிடம் ஒரு பிரதியில் மட்டும் அது தெரிந்தது; அவர்களின் மற்றப் பிரதியிலுள்ள பழுது கண்டறியப்படவில்லை. நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையிடம் தோன்றிய மாற்றம், அகமண வழக்கத்தால் அந்தச் சமூகத்துக்குள்ளேயே சுற்றிவந்திருக்கிறது என்பதே இதற்குப் பொருள். 41இல் 16 என்பதை அச்சமூகத்தின் நோய் விகிதமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐயப்பட்டவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை அது. இதை ஒரு சமூகத்தின் குறையாகப் பேசுவதும் தவறு. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தமிழகத்தின் பல சமூகங்களில் உண்டு. தாய்மாமன் மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்துசேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று, அத்தை மாமன் பிள்ளைகள் மணத்தில் பதினாறில் ஒன்று. கேரட் லண்டனில் கண்டதும் இதே கணக்குத்தான்.

இங்குள்ள நிலையில் பெரும்பாலான நோயாளிகள் வெளிப்படுவது மூட்டு அறுவை சிகிச்சை மேசையில், மருத்துவர் முழங்காலைத் திறந்து கறுத்த குருத்தெலும்பைக் காணும்போது. இந்திய மருத்துவ இதழ்களில் அத்தகைய குறிப்புகள் பல வந்துள்ளன. ஐம்பதாண்டுகளுக்கு முன்பே, குழந்தையின் துணியில் கறை கண்ட தாய் யாரிடமாவது சொல்லியிருப்பார். கேட்டவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். இந்த நோயைச் சந்தேகிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. புதிதாகப் பெற்ற சிறுநீரை இரு குழாய்களில் எடுத்து, ஒன்றில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால், நோயிருப்பின் அது மேற்பரப்பிலிருந்து விரைவில் கருப்பாகும். அமிலம் சேர்த்த மற்றது நிறம் மாறாது. இது உறுதிப்படுத்தும் சோதனை ஆகாது. உறுதிசெய்ய, அமிலமிட்ட போத்தலில் சேகரித்த மாதிரியை, சிறுநீரின் கரிம அமிலங்களைப் பகுத்தறியும் வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் படிவத்தில் எந்தப் பொருளைத் தேடச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். முடிவு வந்த பின், அதே நோயாளியின் கிரியாட்டினின், யூரிக் அமில அறிக்கைகளை எந்த முறையில் அளந்தார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

அடுத்து உடன்பிறந்தோரைச் சோதிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் மரபணுவைச் சுமப்பவர்கள் என்பதால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அறிகுறியே இல்லாத ஒரு தம்பியோ தங்கையோ இருபது வயதுக்குள் கண்டறியப்பட்டால், கடும் உடலுழைப்பும் மூட்டில் மோதலும் உள்ள வேலைகளைத் தவிர்க்கவும், சிறுநீரகத்தைப் பேணவும், வயது வந்ததும் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கவும் அவருக்குக் காலம் இருக்கும். ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகமே என்பதால், நீரிழிவாலோ இரத்த அழுத்தத்தாலோ சிறுநீரகம் தளர்ந்த நோயாளிக்கு நிறமிப் படிவு வேகமெடுக்கும். இதையும் அறிக்கையின் கீழே இரண்டு வரியில் எழுதி அனுப்பும் மருத்துவ உயிர்வேதியியலாளர், தாம் கையெழுத்திடும் எண்ணுக்கு அப்பாலும் அந்தக் குடும்பத்துக்கு மருத்துவராகவே இருக்கிறார்.